கிணற்றுக்காரருக்குத் தெரியாத அளவு

அவைக்கு வணக்கம். முன்வரிசையில் நிலவியல் மாணவர்கள். பின்வரிசையில் கிணறு வைத்துப் பயிர் செய்யும் பெரியவர்கள். நான் பேச வந்தது உங்கள் இரு தரப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிணற்றில் நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தேன். எஃகு நாடாவின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து உள்ளே இறக்கினால், எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து ஆழத்தைக் கணக்கிடலாம். குறிப்பேட்டை மூடும்போது நிலத்துக்காரர் கேட்டார்: "வந்து வந்து அளக்கிறீர்கள். என் கிணற்றின் கணக்கை என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா, தம்பி?" எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

நம் நாட்டில் நிலத்தடி நீர் ஆய்வுக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. 1954-இல் சோதனைத் துளைக்கிணறுகளுக்காக மத்திய அரசு தொடங்கிய அமைப்புதான் 1970-இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆனது. நீர்த்தாங்கி என்றால் நிலத்தடியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறை அல்லது மணல் அடுக்கு. 2012-இல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டம், 2023 மார்ச்சுக்குள் சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை முடித்தது. வெயிலில் நடந்து நடந்து சேர்த்த அறிவு அது. அதை எவரும் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால், அந்த அறிவு மேலே போகப் போகச் சராசரியாகிவிடுகிறது. 2024 மதிப்பீட்டின்படி, நாம் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீர் சுமார் 406 பில்லியன் கனமீட்டர். எடுப்பது சுமார் 246. அதாவது 60 சதவீதம். இன்னும் 40 சதவீதம் கையிருப்பு என்று தோன்றும். அந்த நிம்மதி பொய்யானது. பஞ்சாபில் இதே விகிதம் 150-ஐத் தாண்டியிருக்கிறது. வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் பெரும்பகுதி தொடப்படவே இல்லை. அங்கே தேங்கியது இங்கே வந்து சேராது. நாடு முழுவதும் மதிப்பிட்ட 6,746 வட்டாரங்களில் 751, ஊறுவதைவிட அதிகமாக இறைப்பவை.

வட்டாரக் கணக்கும்கூடப் போதாது. ஏன் என்பதற்குப் பாறையைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மணற்பாங்கான வண்டல் நிலத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், பரப்பெங்கும் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் வெளியே வந்திருக்கும். நம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடும்பாறை. அங்கே அதே ஒரு மீட்டர் இறக்கத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். தண்ணீர் இருப்பது சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டும். ஆகவே பத்து நாள் மோட்டார் ஓடினாலே மட்டம் சரிகிறது. நல்ல மழை ஒன்று பெய்தால் சரசரவென்று மேலே வருகிறது. பக்கத்து வயலில் வெடிப்பு வேறு பக்கம் ஓடியிருந்தால் அவர் கிணறு நிரம்பியிருக்க, உங்கள் கிணறு வறண்டு கிடக்கும். எங்கோ ஒரு கண்காணிப்புக் கிணற்றின் அளவை வைத்து உங்கள் ஊருக்கு எப்படித் தீர்ப்பெழுத முடியும்?

சட்டமும் இந்த இடத்தில் திணறுகிறது. தன் நிலத்தின் அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துக்காரருக்குத் தரும் 1882-ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டம் இன்னும் நம்மோடு இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 1997-இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் வந்தது; அனுமதியும் கட்டணமும் வந்தன. ஆலைகளை அப்படிக் கட்டுப்படுத்தலாம், கட்டுப்படுத்தவும் வேண்டும். ஆனால் நாம் எடுப்பதில் சுமார் 87 சதவீதம் பாசனத்துக்கு. கிணறுகளோ 2 கோடிக்கு மேல். அத்தனை கிணற்றுக்கும் காவல் போட எந்த அரசாலும் ஆகாது.

அதனால்தான் ஒன்றுபட்ட ஆந்திராவில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, விவசாயிகளே மழைமானி வைத்தார்கள். கிணறுகளில் மட்டம் அளந்தார்கள். பருவமழை ஓய்ந்ததும் கூடி உட்கார்ந்து, ஊறியது எவ்வளவு, விதைக்க நினைக்கும் பயிர்கள் குடிக்கப்போவது எவ்வளவு என்று கூட்டிக் கழித்தார்கள். தடை இல்லை, அபராதம் இல்லை. கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. பிறகு அவரவர் முடிவு. பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். கூட்டங்களில் பெண்களும் இருந்தார்கள். வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே புரியும்.

எல்லா இடத்திலும் இது அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. முந்நூறு மீட்டருக்குக் கீழே துளை போட்டு, இலவச மின்சாரத்தில் இரவு பகலாக இறைக்கும் ஊரில் இது கடினம். ஆனால், அளவே தெரியாத ஊரில் பேச்சைத் தொடங்கக்கூட வழியில்லை.

மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வரும் நவம்பரில் அளக்கப் போகும்போது, நாடாவைச் சுருட்டுவதற்கு முன், நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு, பம்ப்செட் அறைச் சுவரில் அந்த எண்ணைத் தேதியோடு எழுதிவிட்டு வாருங்கள். சுண்ணக்கட்டி உங்கள் கையில்தான் இருக்கும். பெரியவர்களே, மே மாதம் அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.