பல் மருத்துவ சீட்: உங்கள் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது?

நேயர்களுக்கு வணக்கம். நீட் முடிவு வந்த நாளிலிருந்து என்னைப் போன்ற பல் மருத்துவ ஆசிரியர்களின் செல்போனுக்கு ஓய்வே கிடையாது. அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், பொண்ணு நானூத்திச் சொச்சம் எடுத்திருக்கா, பி.டி.எஸ். கிடைச்சிடுமா?" மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எந்தக் கல்லூரி, எந்த ஒதுக்கீடு, வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று நான் திருப்பிக் கேட்டால், "ஏதோ ஒண்ணு கிடைச்சா போதும்" என்பார்கள். அந்த 'ஏதோ ஒண்ணு' பெரும்பாலும் கிடைக்கும். கட்டுபடியாகிற விலையில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன். வானொலியில் அட்டவணை காட்ட முடியாது. ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் மார்க் விஷயம். நம் ஊரில் 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவச் சேர்க்கை நடந்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவோம். போன வருடக் கட்-ஆஃப் தெரிந்தால் இந்த வருடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தப் பழக்கத்தில்தான் மூத்த பிள்ளையைச் சேர்த்த பெற்றோர்கள் இன்றும் மார்க்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள். நீட்டில் அது செல்லாது. 2024-ஐயும் 2025-ஐயும் பாருங்கள். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் முதலில் 67 பேர். திருத்திய பட்டியலில் 17 பேர். அடுத்த வருடம் இயற்பியல் வினாத்தாள் எல்லோரையும் அழவைத்தது. நாட்டின் முதல் ரேங்கே 686 மார்க்தான். 2024-இல் 600 மார்க் எடுத்தவருக்கு அகில இந்திய ரேங்க் எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. 2025-இல் அதே 600 எடுத்தவருக்கு ஆயிரத்து முந்நூறை ஒட்டி வந்தது. அதே மார்க், ஒரே வருட இடைவெளி. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எந்த மார்க்கில் கிடைத்தது என்ற தகவலை மறந்துவிடுங்கள். அவனுடைய ரேங்க் என்ன என்று கேளுங்கள், அது உதவும்.

அடுத்து 'குவாலிஃபைடு' என்ற சொல். முடிவுத்தாளில் அதைப் பார்த்ததும் வீட்டில் இனிப்பு வழங்கிவிடுகிறார்கள். வழங்கட்டும், தப்பில்லை. ஆனால் 2025-இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மார்க் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. அதைத் தாண்டியவர்கள் நாடு முழுக்கப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். பி.டி.எஸ். இடங்களோ நாடு முழுக்க இருபத்தெட்டாயிரம் சுமார். எனவே தகுதி என்றால் விண்ணப்பம் போட அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி இடங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று. சென்னையில் இருப்பது 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, 100 இடங்கள். இரண்டாவது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசுக்கு வந்தது. மூன்றாவது புதுக்கோட்டை, 2023-இல் திறந்தார்கள், 50 இடங்கள். இவை தவிர சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

புதுக்கோட்டையின் ஐம்பது இடங்களை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். தோராயக் கணக்குதான், தேர்வுக் குழுவின் இறுதி எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறும். ஐம்பதில் 15 சதவீதம், எந்த மாநிலத்துப் பிள்ளையும் போட்டியிடக்கூடிய அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. ஏழெட்டு இடங்கள் போய்விட்டன. மிச்சம் 42 என்று வையுங்கள். அதில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, அதாவது மூன்று. மிச்சம் 39. இதில் பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், 12 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், பத்து. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம், ஒன்று. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 சதவீதம், எட்டு. பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து 18 சதவீதம், ஏழு. பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஒரு கல்லூரிக் கணக்கில் முழுசாக ஒரு இடம்கூட வராது, எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரும். ஆக, ஐம்பது இடம் என்று விளம்பரத்தில் படித்தது உங்கள் பிள்ளையைப் பொறுத்தவரை எட்டாகவோ பத்தாகவோ சுருங்கிவிடுகிறது.

'பொதுப் போட்டி' என்ற 31 சதவீதம் எந்தச் சாதிக்கும் தனியாக ஒதுக்கியது அல்ல. ரேங்க் உள்ள யாரும் அதில் வரலாம். உங்கள் சமூகத்தில் முன்னணியில் நிற்பவர்கள் பொதுப் போட்டியிலேயே இடம் பிடித்துவிட்டால், சமூக ஒதுக்கீட்டு இடங்கள் அடுத்தவர்களுக்கு அப்படியே நிற்கும். அதனால்தான் தேர்வுக் குழுவின் தரவரிசைப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக இரண்டு எண்கள் இருக்கும்: பொது ரேங்க், சமூக ரேங்க். வாய்ப்பைக் கணக்கிட இரண்டும் வேண்டும்.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, ஒவ்வொரு கவுன்சலிங் சுற்று முடிந்ததும் ஒதுக்கீட்டுப் பட்டியலை இணையத்தில் போடுகிறது. போன வருடப் பட்டியலைத் தேடி எடுங்கள். உங்கள் சமூகப் பிரிவில், நீங்கள் விரும்பும் கல்லூரியில், கடைசியாக இடம் வாங்கியவரின் சமூக ரேங்க் என்ன என்று பாருங்கள். முதல் சுற்றுக்கு ஒன்று, இரண்டாம் சுற்றுக்கு ஒன்று, கடைசிச் சுற்றுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முந்தைய வருடத்துக்கும் இதையே செய்யுங்கள். உங்கள் ரேங்க் முதல் சுற்று எல்லைக்குள் வந்தால் நிம்மதி. கடைசிச் சுற்று எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் வாய்ப்பு உண்டு, ஆனால் வேறு ஏற்பாடும் கையில் இருக்க வேண்டும். வெகு தூரம் தள்ளி இருந்தால் அந்தக் கல்லூரியை மறந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

மாநிலப் பட்டியல் வருவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. உங்கள் அகில இந்திய ரேங்க் இப்போதே கையில் இருக்கிறது. அதே ரேங்க்கைப் போன வருடம் வாங்கியவர் எத்தனை மார்க் எடுத்திருந்தார் என்று பாருங்கள். போன வருட மாநிலப் பட்டியலில் அந்த மார்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுங்கள். உங்கள் இடமும் ஏறக்குறைய அங்கேதான் வரும். இதற்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் இடங்கள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. இந்த வேலையை பிளஸ் டூ படித்த பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் தானே செய்துவிடும்.

பல் மருத்துவத்துக்கென்றே ஒரு விசேஷம் இருக்கிறது. நமக்கு முன்னால் நிற்பவர்களில் நிறையப் பேர் எம்.பி.பி.எஸ். இடத்துக்காகக் காத்திருப்பவர்கள். முதல் சுற்றில் பி.டி.எஸ். எடுத்தவர், அடுத்த சுற்றில் எம்.பி.பி.எஸ். கிடைத்தால் கிளம்பிவிடுவார். அவர் விட்டுப்போன இடம் பின்னால் இருப்பவருக்கு இறங்கி வரும். எனவே எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடினால் பி.டி.எஸ். எல்லையும் கீழே இறங்கும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து 1,450 இடங்கள் சேர்ந்தன. முன்பு சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் எம்.பி.பி.எஸ். பக்கம் போனார்கள். முதல் சுற்றுப் பட்டியலைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் உங்களுக்கு வேறு பட்டியல், வேறு எல்லை. 2020-இல் இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த முதல் வருடமே 405 பேருக்கு வழி கிடைத்தது. அதில் 92 பல் மருத்துவ இடங்கள். சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பொதுப் பட்டியலில் தன் ரேங்க்கைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பள்ளியில் நீட் எழுதிய ஒவ்வொரு பிள்ளையும் விண்ணப்பித்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் பலர் தடுக்கி விழும் இடம் சாதிச் சான்றிதழ். மாநிலத்தில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று வைத்திருக்கும் சான்றிதழ் அங்கே ஓ.பி.சி. ஆகிவிடாது. மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும், 'கிரீமி லேயர்', அதாவது வசதியில் முன்னேறிய பிரிவு, இல்லை என்ற குறிப்போடு. நம் மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது. மத்திய ஒதுக்கீட்டில் உண்டு. ஒரே பிள்ளை சென்னைக் கல்லூரிக்கு மாநில வழியில் பி.சி.யாகவும், அகில இந்திய வழியில் பொதுப்பிரிவாகவும் நிற்க வேண்டி வரலாம். அப்போது இரண்டு வழிக்கும் தனித்தனிக் கணக்குப் போட வேண்டும்.

இப்போது பணம். சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களும், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களும் அரசு ஒதுக்கீட்டுக்கு வருகின்றன. கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. மிச்சம் நிர்வாக ஒதுக்கீடு. கட்டணம் அதில் மிகவும் அதிகம். விண்ணப்பம் தனி, தரவரிசை தனி, சமூக ஒதுக்கீடு கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு டெல்லியில் எம்.சி.சி. என்ற மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு நடத்தும் கவுன்சலிங், அதற்குக் காப்புத் தொகையே இரண்டு லட்சம் ரூபாய். ரேங்க் இறங்க இறங்க செலவு ஏறும். 2020-21-ஆம் கல்வியாண்டில் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தகுதி எல்லையைப் பத்துப் பர்சென்டைல் குறைக்கச் சொன்னது. அந்த மாதிரி ஒரு தளர்வு வரும் என்று காத்திருக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காலியாகக் கிடந்தவை எப்படிப்பட்ட இடங்கள்? வாங்க ஆள் இல்லாத விலையில் இருந்தவைதான் அவற்றில் ஏராளம். கல்லூரிக் கட்டணத்தோடு கணக்கு முடிவதும் இல்லை. கருவிகள், மெழுகு, பிளாஸ்டர், செயற்கைப் பல் தொகுப்பு என்று மாணவர்கள் கைக்காசு போட்டு வாங்க வேண்டியவை வந்துகொண்டே இருக்கும். நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, ஆக ஐந்து வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள்.

நீட் அளக்காத ஒன்றும் இருக்கிறது. முதல் வருடமே மெழுகுக் கட்டியில் கடைவாய்ப்பல்லைச் செதுக்கச் சொல்வோம். அங்கே தெரிந்துவிடும், யாருக்குக் கை ஓடுகிறது என்று. கனடாவின் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் சோப்புக் கட்டியைச் செதுக்கும் பகுதி ஒன்று பல காலம் இருந்தது. நம்மிடம் அது இல்லாததால், சின்ன வேலையில் பொறுமை இல்லாத பிள்ளையும் பி.டி.எஸ்.ஸுக்கு வந்துவிடுகிறது. பழகினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் "எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதனால இது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கமும் சிரமம். சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை என்ன என்று விவரக் குறிப்பேட்டில் முதலில் படித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், கணக்குப்படி எம்.பி.பி.எஸ். எல்லைக்கு மிக நெருக்கத்தில் இருப்பவர் மட்டும் இன்னொரு வருடம் முயன்று பார்க்கலாம். வெகு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதுவதைவிட, கிடைக்கிற அரசு ஒதுக்கீட்டு பி.டி.எஸ்.ஸில் மனதாரச் சேர்வது மேல்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் கைநழுவிவிடுமோ என்ற பயம். நழுவாது. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் விருப்பம் உங்களுக்கு. எனவே உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரியை மட்டும் எழுதவே வேண்டாம். இன்னொன்று: அகில இந்திய வழியில் மேம்பாடு, அதாவது இன்னும் நல்ல இடம், கேட்டு அடுத்த சுற்றில் வேறு இடம் வந்துவிட்டால், பழைய இடம் அப்போதே போய்விடும், கேட்டாலும் திரும்பாது. முதல் சுற்றில் இடத்தை விட்டுவிட்டு வரலாம். இரண்டாம் சுற்று முதல் விட்டால் காப்புத் தொகை போகும்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று, எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்துவைத்துவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பில் ஒரு பகுதியை வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிட விஷயத்துக்கு வேறு ஆவணங்களும் கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் அதற்கு நாள் பிடிக்கும், இப்போதே மனு கொடுங்கள். வணக்கம்.