பெட்டி ஃபோர்டின் இரண்டாவது அறிக்கை

(திரையில்: மருத்துவமனை அறை, நான்கு கட்டில்கள்)

1978 ஏப்ரல். கலிஃபோர்னியாவில் லாங் பீச் கடற்படை மருத்துவமனை. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்ட் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். வயது 60. தனி அறை தருவார்கள் என்று நினைத்து வந்தவருக்கு நான்கு பேர் தங்கும் அறையைக் காட்டுகிறார்கள். முடியாது என்கிறார். டாக்டர் ஜோசப் பர்ஷ் கோபப்படவில்லை. “சரி, மற்ற மூன்று பெண்களையும் வெளியே போகச் சொல்லிவிடுகிறேன்” என்கிறார். ஐயோ, அது வேண்டாம் என்று பெட்டி அந்த அறையிலேயே தங்கிவிடுகிறார்.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது குடும்பம்தான். 1964 முதல் நரம்பு வலிக்கு மாத்திரை. அதோடு தூக்கத்துக்கு, பதற்றத்துக்கு என்று வேறு மாத்திரைகள். எல்லாம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தவை. கூடவே மது. ஏப்ரல் 1-ஆம் தேதி கணவரும் பிள்ளைகளும் டாக்டர்களோடு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தான் ஒரு நாள் சமைத்து வைத்துக் காத்திருந்தும், அம்மா சாப்பிட வராமல் டிவி முன்னால் குடித்துக்கொண்டே இருந்ததை மகன் ஸ்டீவ் சொன்னார். யாரும் திட்டவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்கள். பெட்டி அழுதார்.

மருத்துவமனையில் சேர்ந்த அன்றே ஓர் அறிக்கை வெளியானது. மாத்திரை அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றது அது. மதுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். மாத்திரை என்றால் ‘பாவம், வலி’ என்பார்கள். குடி என்றால் அதுவும் ஒரு பெண் என்றால், என்ன சொல்வார்கள் என்று நமக்கே தெரியும். மதுவையும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொன்னபோது, “என் கணவருக்கு அவமானம்” என்றார் பெட்டி. கணவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்றார் பர்ஷ். வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்றார். எனக்கு ஓர் அவமானமும் இல்லை என்றார் ஜெரால்ட் ஃபோர்ட். பெட்டி உடைந்து அழுதார். அப்புறம்தான் இரண்டாவது அறிக்கை வந்தது: மாத்திரைக்கு மட்டுமல்ல, மதுவுக்கும் நான் அடிமை.

(திரையில்: வீட்டுச் சமையலறை, பகல் நேரம், மூடிய கதவு)

வீட்டுக்குள் மறைத்துக் குடிக்கும் ஒரு பெண் தன்னைக் குடிநோயாளி என்று நினைப்பதில்லை. குடிநோயாளி என்றால் தெருவில் விழுந்து கிடப்பவர். நான் வீட்டை ஒழுங்காகத்தானே வைத்திருக்கிறேன் என்ற சமாதானம் கையில் இருக்கும். வெள்ளை மாளிகையில் விருந்தினரை வரவேற்ற பெண்மணியே அந்தச் சொல்லைத் தனக்குச் சொல்லிக்கொண்டால், அந்தச் சமாதானம் ஆட்டம் கண்டுவிடும். பூசி மெழுகிச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. ‘உடல்நலக் குறைவு’ என்ற அறிவிப்பில் யாரும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது.

இதற்கு முன்பும் அவர் ஒரு முறை இப்படிப் பேசியிருக்கிறார். 1974 செப்டம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை நாட்டுக்கே சொன்னார். பெண்கள் பரிசோதனைக்கு வரிசை கட்டினார்கள். சில வாரங்களில் ஹேப்பி ராக்கஃபெல்லருக்கும் அதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் கணவர் நெல்சன் அடுத்த துணை அதிபராகப் பொறுப்பேற்கவிருந்தவர்.

ஆனால் பேச்சைக் கேட்டு மனம் மாறுகிறவருக்குப் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். 1982-இல் ராஞ்சோ மிராஜ் என்ற ஊரில் நண்பர் லியோனார்ட் ஃபயர்ஸ்டோனோடு சேர்ந்து பெட்டி ஃபோர்ட் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். ஃபயர்ஸ்டோனும் குடியிலிருந்து மீண்டவர். படுக்கைகளில் பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் அங்கே சேர்ந்தார், அதை வெளியிலும் சொன்னார். அத்தனை பெரிய நட்சத்திரத்துக்கும் அங்கே தனி அறை கிடையாது. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலையும் உண்டு.

பெட்டி பல ஆண்டுகள் அந்த மையத்தின் தலைவராக இருந்தார். சிகிச்சைக்கு வந்தவர்கள் முன்னால் பேச எழுந்தால் முதலில் தன் பெயரைச் சொல்வார். அடுத்து, நான் குடிநோயாளி, மாத்திரைக்கு அடிமைப்பட்டவள் என்பார்.