பயிற்சிக் காலத்துக்குக் கூலி யார் தருவது?

அவையோருக்கு வணக்கம்.

மைக் ரோவை நம்மில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2005 முதல் 2012 வரை டிஸ்கவரி சேனலில் 'டர்ட்டி ஜாப்ஸ்' நிகழ்ச்சியை நடத்தியவர். சாக்கடைக் குழாய்க்குள் இறங்கினார், செப்டிக் டேங்க் சுத்தம் செய்பவரோடு நின்றார், பன்றிப் பண்ணையில் தீவனம் சுமந்தார். வேலை செய்பவரை நிபுணராகவும் தன்னை அவரிடம் கற்க வந்த எடுபிடியாகவும் காட்டினார். உழைப்பாளியைப் பார்த்துப் பரிதாபப்படும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே அது பெரிய மாற்றம்.

2008இல் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வெல்டிங், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் போன்ற தொழில் படிப்புகளுக்கு அது உதவித்தொகை தருகிறது. அது முதல் அவரை அரசியல் விடவில்லை. இன்று நான் பேச வந்தது அந்த அரசியலைப் பற்றி.

ஆரம்பத்தில் அவர் எந்தக் கட்சி வாசலிலும் நிற்கவில்லை. ஒபாமா பதவிக்கு வந்த நேரத்தில், தொழில்திறனுக்கு மரியாதை தேடித்தரும் வேலையில் உதவத் தயார் என்று அவருக்கு எழுதினார். 2011 மே மாதம் செனட்டின் வணிகக் குழு முன் சாட்சியம் சொன்னபோது, கைத்தொழிலுக்கு நாடு தழுவிய விளம்பர இயக்கம் வேண்டும் என்றார். பள்ளிகளிலிருந்து தொழிற்பட்டறைகளை எடுத்துவிட்டு, நாலு வருடக் கல்லூரிதான் ஒரே வழி என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம், இப்போது ஆள் இல்லை என்கிறோம் என்பது அவருடைய வாதம். 2012 தேர்தலில் அதே விஷயத்தைக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னிக்கும் பகிரங்கக் கடிதமாக எழுதி, ஒஹாயோவில் ஒரு கூட்டத்தில் அவருடன் மேடையேறினார். யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை என்று சொல்லியும் பார்த்தார். கேமராவில் பதிந்தது இருவரும் சேர்ந்து நின்ற காட்சிதான். அன்றிலிருந்து பலர் கண்ணுக்கு அவர் குடியரசுக் கட்சிக்காரர்.

2014இல் வால்மார்ட் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தார். மூடிய ஆலை மறுபடி ஓடுவது போன்ற விளம்பரம். உள்நாட்டுப் பொருள்களைப் பத்து ஆண்டுகளில் கூடுதலாக 25,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அந்த நிறுவனம் அறிவித்திருந்தது. தொழிலாளர் உரிமை அமைப்புகள் கொதித்தன: கடை ஊழியர் சம்பளம் என்ன, இத்தனை வருடம் இறக்குமதி செய்து ஆலைகளை மூட வைத்தது யார் என்று கேட்டன. உள்நாட்டில் பொருள் தயாராவது நல்லது, அதை யார் வாங்கினால் என்ன என்ற பொருளில் ரோ பதில் சொன்னார். கேள்வி கூலியைப் பற்றியது, பதில் உற்பத்தியைப் பற்றியது. இரண்டும் கடைசி வரை சந்திக்கவே இல்லை.

அரசியல்வாதிகள் இதை எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதற்கு, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் 2015 நவம்பர் விவாத மேடையே சாட்சி. தத்துவவாதியைவிட வெல்டர் அதிகம் சம்பாதிக்கிறார், நமக்கு வெல்டர்கள்தான் வேண்டும் என்றார் அந்தப் போட்டியாளர்களில் ஒருவரான மார்கோ ரூபியோ. அரங்கம் கைதட்டியது. கணக்கு தவறு. தத்துவம் கற்பிக்கும் பேராசிரியரின் இடைநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை, வெல்டருடையதைவிட அன்றும் கணிசமாக அதிகம். 2018இல் ரூபியோவே, தத்துவம் படிக்கத் தொடங்கியதாகவும் இருவரும் தேவை என்றும் எழுதினார். அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் தவறான கணக்கு வெல்டருக்குத்தான் கெடுதல் செய்தது. அரசின் 2024 புள்ளிவிவரப்படி வெல்டரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 51,000 டாலர், எலக்ட்ரீசியனுக்கு 62,000க்குச் சற்று மேல். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

பயிற்சியிலிருந்து. எலக்ட்ரீசியன் யூனியனும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்தும் பயிற்சியைப் பாருங்கள். ஐந்து வருடம். வேலையிடத்தில் சுமார் 8,000 மணி நேரம், வகுப்பறையில் ஏறக்குறைய 900 மணி நேரம். பயிற்சியாளர் முதல் நாளிலிருந்தே கூலி வாங்குகிறார். முழுத் தொழிலாளியின் கூலியில் பாதிக்குப் பக்கத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு உழைப்பு மணிக்கும் ஒரு சிறு தொகை பயிற்சி நிதிக்குப் போகிறது. ஐந்து வருடம் கழித்து அவர் கையில் கடன் இல்லை, சான்றிதழ் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் தேசியப் பயிற்சிச் சட்டம் இதற்கு அடித்தளம்.

வெல்டரில் பலருக்கு இப்படி ஒரு ஏணி இல்லை. பயிற்சிப் பள்ளிக்குத் தாமே பணம் கட்டுகிறார்கள். கற்க வேண்டியதோ கொஞ்சம் இல்லை. 7018 என்ற வெல்டிங் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்தபின் 120 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டு அடுப்பில் வைத்திருக்க வேண்டும். வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் ஈரம் ஏறும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உலோகத்துக்குள் போகும், பற்றவைத்துச் சில மணி நேரம் கழித்து விரிசல் விடும். மேலே பார்த்தால் பற்றவைத்த இடம் அழகாகத்தான் இருக்கும். தேர்வில் துண்டை அறுத்து வளைக்கும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் தோல்வி. சாய்வாக 45 டிகிரியில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கும் தேர்வுக்குத் தயாராக எத்தனை துண்டுகளை வீணாக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். வீணாகும் இரும்புக்கும் ராடுக்கும் அந்த மணி நேரங்களுக்கும் பணம் தருவது யார்? ரோவைக் கொண்டாடுகிறவரும் திட்டுகிறவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

உதவித்தொகை கேட்பவர் கையெழுத்திட ரோ 12 அம்ச உறுதிமொழி வைத்திருக்கிறார். சீக்கிரம் வா, தாமதமாகப் போ, யாரும் விரும்பாத வேலையை முகம் சுளிக்காமல் கேட்டு வாங்கு என்கிறது ஒன்று. கடனை வெறு என்கிறது இன்னொன்று. பட்டறை முதலாளிகள் இதைப் படித்து மகிழ்கிறார்கள், அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. காலையில் நேரத்துக்கு வராத பையனை வைத்து காங்கிரீட் ஊற்ற முடியாது. ஆனால் தாமதமாகப் போகும் மணிக்கும் விலை உண்டு. வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உறுதிமொழியைக் கொடுக்கும் கையே இந்தச் சட்டத்தையும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் பாதுகாப்பு என் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. விதிப்படி நடந்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது என்கிறார், அது உண்மை. ஆனால் காங்கிரீட் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியில் நுரையீரலின் அடி வரை போகும் துகள் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்க அரசின் 2016 பணியிடப் பாதுகாப்பு விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. அதற்குள் நிற்க வேண்டுமானால் அறுக்கும் இடத்தில் தண்ணீர் விடும் ரம்பம் வேண்டும். ரம்பத்தை வாங்குவது முதலாளி. தொழிலாளியின் கவனத்தால் மட்டும் அந்தத் தூசியை நிறுத்த முடியாது.

இரு கட்சிகளும் ஒன்றுசேர்ந்த இடமும் உண்டு. 2017 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபைத் துணைக்குழு முன் ரோ மறுபடி சாட்சியம் சொன்னார். தொழிற்கல்விக்கு நிதி தரும் பெர்கின்ஸ் சட்டத்தின் திருத்தம் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறி, 2018 ஜூலை 31 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். கூச்சல் இல்லாததால் செய்தியும் ஆகவில்லை. 2022இல் மாணவர் கடன் தள்ளுபடி வந்தபோதுதான் கூச்சல் திரும்பியது. கல்லூரிக்குப் போகாத பிளம்பர் ஏன் இன்னொருவர் கடனைச் சுமக்க வேண்டும் என்று ரோ கேட்டார். தொழிற்பள்ளிக்குக் கடன் வாங்கிய வெல்டருக்கும் அந்தத் தள்ளுபடி பொருந்தியிருக்கும் என்பதை அவருக்குக் கைதட்டியவர்கள் சொல்லவில்லை. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையைக் குறுகிய தொழிற்பயிற்சிக்கும் விரித்திருக்கிறது. 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள், 150 முதல் 599 மணி நேரப் படிப்புகள். சேர்ந்தவரில் 70 சதவீதம் பேர் முடிக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். பல ஆண்டுகள் கேட்டுக் கிடைத்தது இது, வரவேற்கிறேன். தொகையோ படிப்பின் நீளத்துக்கு ஏற்பக் குறையும். முழு ஆண்டுக்கே உச்ச வரம்பு 7,395 டாலர். பிள்ளை குட்டியோடு இருப்பவர் வேலையை விட்டுவிட்டுப் பத்து வாரம் வெல்டிங் பூத்தில் நின்றால், வீட்டு வாடகைக்கு அது எட்டாது.