மணி அடித்தது, குரல் வரவில்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியைக் காதருகே தூக்கிப் பிடிக்க முடியாதவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை ஓய்ந்தவர்கள். என் பெரியம்மா அவர்களில் ஒருவர். அவருக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்தோம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு பொத்தான், முன்னால் ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு மைக். உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சிறு கணினிப் பலகை. கைப்பேசி தலையணைக்கு அடியில் கிடக்கட்டும். புளூடூத் வழியாக அழைப்பைப் பெட்டி வாங்கிக்கொள்ளும், பெரியம்மா பெட்டியைப் பார்த்துப் பேசினால் போதும்.

முதல் சோதனை அன்று அழைப்பு வந்தது. பெட்டி மணி அடித்தது. பெரியம்மா பொத்தானை அழுத்தினார். கைப்பேசித் திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. அறையில் மட்டும் சத்தமே இல்லை. திருப்பூரில் இருந்து பேசிய அக்காவுக்கும், அதாவது பெரியம்மாவின் மகளுக்கும், ஒன்றும் கேட்கவில்லை. "கரண்ட் இல்லையா கண்ணு?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். கரண்ட் இருந்தது. புளூடூத் இணைந்திருப்பதாகக் கைப்பேசியும் சொன்னது, பெட்டியும் சொன்னது.

காரில் புளூடூத் வைத்திருக்கும் நேயர்களுக்கு இந்த வகைக் கோளாறு பழக்கமாகவே இருக்கும். பாட்டு அருமையாக ஒலிக்கும்; அழைப்பு வந்தால் குரல் மட்டும் எங்கோ போய்விடும். ஏன் என்று புரிய, உள்ளே ஓடும் பாதைகளைப் பார்க்க வேண்டும்.

பாட்டுக்கு ஒரு பாதை, அழைப்புக்கு வேறொரு பாதை. அழைப்பிலும் கட்டளை போகும் வழி வேறு, குரல் போகும் வழி வேறு. கட்டளை வழியில் கைப்பேசியும் பெட்டியும் சிறு சிறு எழுத்துத் துணுக்குகளால் பேசிக்கொள்கின்றன. பெரியம்மா பொத்தானை அழுத்தியதும் எங்கள் பெட்டி அனுப்பியது மூன்றே ஆங்கில எழுத்துகள்: 'ஏ', 'டி', 'ஏ'. 'அழைப்பை எடு' என்று பொருள். 1981இல் ஹேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மோடமுக்காக வகுத்த கட்டளை இது. தொலைபேசிக் கம்பியில் கணினிகள் கீச்சிட்டுப் பேசிய காலத்தின் மொழியை இன்றைய புளூடூத் பெட்டியும் பேசுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

மணி அடித்தது, அழைப்பு எடுக்கப்பட்டது என்றால் கட்டளை வழி சரியாக இருக்கிறது. 'இணைந்தது' என்று திரை சொல்வதும் இந்த வழியைப் பற்றித்தான். குரல் வழியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை அன்றைக்கே மனத்தில் வாங்கியிருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

குரல் வழியைப் பொறியாளர்கள் 'ஸ்கோ' என்பார்கள். புளூடூத் ஒரு நொடியை 1600 கூறுகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கூறும் 625 மைக்ரோ நொடி. அவற்றில் சில கூறுகளைக் குரலுக்கென்று முன்பதிவு செய்துவிடுவதுதான் ஸ்கோ. பாட்டைச் சற்று முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்து, பிறகு ஒலிக்கவிடலாம். உரையாடல் அப்படிக் காத்திருக்காது. அதனால்தான் அதற்குத் தனிப் பதிவு.

முதல் இரண்டு நாளையும் தவறான இடத்தில் செலவிட்டோம். ஸ்பீக்கரின் ஒலியளவைக் கூட்டினோம், மைக்கை மாற்றினோம். லினக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. புளூடூத்தைக் கவனிக்கும் 'புளூஸ்' என்ற மென்பொருள், 2012 டிசம்பரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அழைப்பைக் கையாளும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. 'ஓஃபோனோ', 'பல்ஸ்ஆடியோ', 'பைப்வயர்' போன்ற வேறு மென்பொருள்களில் ஒன்று அதை ஏற்க வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஏற்க முயன்றாலும் குழப்பம், யாருமே ஏற்காவிட்டாலும் குழப்பம். எங்களிடம் பைப்வயர் மட்டுமே இருந்தது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் ஒரு பகல் போனது.

மூன்றாம் நாள்தான், புளூடூத் சிப்புக்கும் லினக்ஸுக்கும் இடையே போகிற வருகிற ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் எழுதிக் காட்டும் 'பி.டி.மான்' என்ற கருவியை ஓட்டினோம். அழைப்பை எடுத்தோம். ஸ்கோ இணைப்பு வெற்றியாகத் திறந்தது என்று ஒரு வரி வந்தது. அதன்பின் வரிசையாகக் குரல் பொட்டலங்கள் வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. சிப்போடு நடந்த போக்குவரத்துக்கு லினக்ஸ் வைத்திருக்கும் கணக்கைத் தனியே பார்த்தோம்: ஸ்கோ வழியில் வந்தவை பூஜ்யம், போனவை பூஜ்யம். அக்கா அந்த நேரம் முழுக்க "அலோ, அலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் சிப் வரை வந்திருக்கிறது. லினக்ஸின் வாசலுக்கு வரவே இல்லை.

அப்படியானால் எங்கே போனது? பல புளூடூத் சிப்புகளுக்குக் குரலை வெளியே விட இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கட்டளைகள் வரும் அதே கம்பி வழியாக லினக்ஸுக்குத் தருவது. இன்னொன்று, பி.சி.எம். என்ற தனி முனைகள் நான்கின் வழியாக நேரே வேறொரு ஒலிச் சிப்புக்குத் தருவது. கைப்பேசிகளில் இரண்டாவது முறை பெரிதும் பயன்படுகிறது. பேச்சு ஓடும்போது முக்கியச் செயலி ஓய்வெடுக்கலாம், மின்கலம் மிச்சமாகும். எங்கள் சிப் பிறவியிலேயே இரண்டாம் வாசலைத் திறந்து வைத்திருந்தது. எங்கள் பலகையிலோ அந்த நான்கு முனைகளும் எதனோடும் இணைக்கப்படவில்லை. அக்காவின் குரல் அந்த முனைகள் வரை வந்து அங்கேயே சிந்திப் போனது.

குரலை முதல் வாசலுக்குத் திருப்ப அந்தச் சிப்புக்கென்று ஒரு தனிக் கட்டளை உண்டு. சில பைட்டுகள்தான். அனுப்பினோம். அழைப்பு எடுத்த கணத்தில் அறை முழுக்க "அம்மா, கேக்குதா?" என்று அக்காவின் குரல். பெரியம்மாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காலை மீண்டும் மௌனம். இந்தக் கட்டளையைச் சிப் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் போய் வந்தாலோ, சிப்பை மீட்டமைத்தாலோ பழைய வாசலுக்கே திரும்பிவிடும். பெட்டி விழிக்கும் ஒவ்வொரு முறையும், சிப்புக்குள் அதன் உள்மென்பொருள் ஏறிய பிறகு, இந்தக் கட்டளையும் போகும்படி எழுதி வைத்தோம். ஏறுவதற்கு முன் அனுப்பினால் பயனில்லை. அந்த வரிசை முக்கியம்.

இதற்குப் பின் வந்த கோளாறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என் புதிய கைப்பேசியை இணைத்தால் குரல் தெளிவாக இருந்தது. பெரியம்மாவின் பழைய கைப்பேசியை இணைத்தால் குரல் துண்டு துண்டாக உடைந்தது. பழையது குரலை நொடிக்கு 8000 முறை மட்டுமே அளந்து, அதாவது 8000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும் குறுகிய தரம்; மத்திய அலை வானொலி போல் வைத்துக்கொள்ளுங்கள். புதியது 16000 மாதிரிகள் எடுக்கும். 'ஸ', 'ஷ' போன்ற சீறொலிகள்கூடத் தெளிவாக விழும். தரம் கூடியது ஒழுங்காக ஓடுகிறது, தரம் குறைந்தது திணறுகிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

காகிதமும் பேனாவும்தான் இதற்கு விடை சொன்னன. புதிய கைப்பேசியின் குரல் சுருக்கப்பட்ட வடிவிலேயே சிப்பைக் கடந்து லினக்ஸுக்கு வருகிறது. 7.5 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்கு 60 பைட். நொடிக்கு 8000 பைட்தான். விரிப்பது லினக்ஸின் வேலை. பழைய கைப்பேசியின் குரலைச் சிப்பே விரித்துவிடுகிறது. விரித்தபின் மாதிரி ஒன்றுக்கு 2 பைட், நொடிக்கு 8000 மாதிரி. ஆக 16000 பைட். சிப்புக்கும் லினக்ஸுக்கும் இடையே இருந்த தொடர் கம்பியை நாங்கள் நொடிக்கு 115200 பிட் என்ற வேகத்தில் விட்டிருந்தோம். ஒரு பைட்டுக்குத் தொடக்கக் குறி, முடிவுக் குறி சேர்த்து 10 பிட் என்றால் நொடிக்கு 11520 பைட்தான் அதில் போகும். முக்கால் படிச் செம்பில் ஒரு படிப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தோம். மீதி தரையில் வழிந்தது. இந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்க முயன்றிருந்தால் அதுவும் அந்தக் கம்பியில் திணறியிருக்கும், முதல் நாளே தெரிந்திருக்கும். அழைப்புக்கு மட்டுமே என்று செய்ததால் மறைந்து கிடந்தது.

கம்பியின் வேகத்தை 921600 ஆக்கினோம். வேகத்தை மாற்றும்போது முதலில் சிப்பிடம் சொல்லி, அது ஒப்புக்கொண்டபின் லினக்ஸ் பக்கத்தையும் மாற்ற வேண்டும். 'நிறுத்து', 'அனுப்பு' என்று இரு பக்கமும் சைகை காட்டும் இரண்டு கம்பிகளும் இணைந்திருக்க வேண்டும். எங்கள் பலகையில் நல்லவேளையாக அவை இருந்தன.

இப்படியொரு பெட்டியோடு யாராவது போராடிக்கொண்டிருந்தால், ஒலியளவைத் தொடும் முன் குரல் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். வருவதைத் தனியாக, போவதைத் தனியாக. பூஜ்யம் என்றால் குரல் லினக்ஸுக்குள் வரவே இல்லை. அங்கே எதைத் திருகினாலும் பலன் இருக்காது. எண்ணிக்கை ஏறியும் குரல் உடைந்தால், கம்பியின் கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா அந்தப் பழைய கைப்பேசியிலேயே நாற்பது நிமிடம் பேசினார். படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்பின் மேல் வைத்தபடி. அக்காவுக்கு மட்டும் ஒரு குறை: தான் பேசுவது தனக்கே திரும்பிக் கேட்கிறதாம். ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் விழுகிறது. எதிரொலியை நீக்கும் பகுதியைப் பெட்டியில் இனிமேல்தான் சேர்க்க வேண்டும். இன்று மாலை அந்த வேலையைத் தொடங்குகிறோம்.

வணக்கம்.