இரண்டு தாவீதுகள்

நேயர்களுக்கு வணக்கம். மறுமலர்ச்சிக் காலக் கலையும் அதற்குப் பின்வந்த பரோக் கலையும் எங்கே பிரிகின்றன என்று யாரேனும் கேட்டால், விவிலியக் கதையில் கோலியாத் என்னும் மாவீரனைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீதின் இரண்டு பளிங்குச் சிலைகளைத்தான் நான் சொல்வது வழக்கம்.

வேறு சிற்பிகள் உளி வைத்துக் கைவிட்டதால் பல ஆண்டுகள் ஃப்ளாரன்ஸ் நகரில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பளிங்குப் பாளத்தை மைக்கலாஞ்சலோ 1501-இல் ஏற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 26. 1504-இல் நிறைவுற்ற சிலையின் உயரம் 5 மீட்டருக்கும் மேல். சண்டை இன்னும் தொடங்கவில்லை. கவண் இடத்தோளில் கிடக்கிறது. உடல் நிதானமாக நிற்பதுபோல் தோன்றினாலும் புருவங்கள் நெரிந்திருக்கின்றன. கீழே தொங்கும் வலக்கையின் புறத்தில் நரம்புகள் புடைத்திருக்கின்றன.

ரோம் நகரின் போர்கேசே மாளிகையில் உள்ள, பரோக் சிற்பி பெர்னினியின் தாவீதோ 1623-24இல் செதுக்கப்பட்டது. ஏறத்தாழ நம் உயரம்தான். இடுப்பு ஒரு பக்கம், தோள் மறுபக்கம் என்று உடல் முறுகி, உதடுகளை இறுகக் கடித்துக்கொண்டு, கவணை வீசப்போகும் கணத்தில் அவன் நிற்கிறான். எதிரே நிற்பவருக்குச் சற்று விலகிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றும், ஏனென்றால் கோலியாத் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவர் நிற்கிறார். தம் முகத்தையே பார்த்து இந்த முகத்தைச் செதுக்கிய பெர்னினிக்கு, பின்னாளில் போப்பாண்டவரான கர்தினால் ஒருவரே கண்ணாடி பிடித்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அது மெய்யோ புனைவோ, மைக்கலாஞ்சலோவைப் பற்றி அப்படியொரு கதை பிறந்திருக்காது.

மைக்கலாஞ்சலோ மணம் செய்துகொள்ளாதவர், போப்பாண்டவரிடமே முறுக்கிக்கொண்டவர். பெர்னினி 11 பிள்ளைகளின் தந்தை, அரசவை நயம் அறிந்தவர். ஆயினும் காதலியின் முகத்தில் ஆளை ஏவிக் கத்தியால் கீற வைத்தவரும் அவரே. பளிங்கைச் செதுக்கிய அவர் விரல்களின் மென்மையை வியக்கும்போது இதையும் என்னால் மறக்க இயலவில்லை.

இருவரும் ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தை வடிவமைத்த மைக்கலாஞ்சலோ, அது எழுவதைக் காணாமலே 1564-இல் மறைந்தார். அது 1590-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நேர்கீழே பெர்னினி எழுப்பிய வெண்கல விதானத்தின் நான்கு தூண்களும், அவருடைய தாவீதின் இடுப்பைப் போலவே, முறுகித் திரும்பியிருக்கின்றன.