பிரசவத்துக்கு முன்பே வேலையில் சேரட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘படிப்பு முடிந்த கையோடு தாயாகப்போகும் பெண் வேலையில் சேர வேண்டியது பிரசவத்துக்கு முன்பா, பின்பா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அக்கா, “பிள்ளைத்தாய்ச்சியை ஏன் அலையவிடுகிறீர்கள்? நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும், குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும், வேலை எங்கே ஓடிவிடப் போகிறது?” என்று உருகினார். பாதி அரங்கம் கை தட்டியது. தட்டியவர்களில் என் மாமியார் இருந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை ஓடித்தான் போகும், நடுவர் அவர்களே. வளாகத் தேர்வில் கிடைத்த நியமன ஆணையில் சேர வேண்டிய தேதி அச்சாகியிருக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு படித்து வெளியே வருகிறவர்களோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எதிரணி தொடாத இடம் அது. மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அதைப் பெற நிபந்தனை என்ன? எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நவம்பர் நடுவில் நாள் குறித்திருக்கும் பெண் ஜூன் முதல் தேதி சேர்ந்தால், செப்டம்பரிலேயே அந்த 80 நாள் முடிந்துவிடும். மாதம் 25 ஆயிரம் சம்பளம் என்றால் விடுப்புக் காலத்தில் அவள் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். குழந்தை பிறந்த பிறகு சேர்கிறவளுக்கு அந்தப் பிரசவத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. (21 ஆயிரத்துக்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டு விதிகள் வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள்.)

“தகுதிகாண் பருவத்தில் இதெல்லாம் கேட்க முடியுமா?” என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். ஐயா, ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1989 செப்டம்பரில் எல்.ஐ.சி.யில் ஒரு பெண் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்தார். சேரும்போது நிரப்பச் சொன்ன படிவத்தில், இப்போது கர்ப்பமா, எத்தனை முறை கருத்தரித்தாய், கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்றெல்லாம் கேள்விகள். பெற்ற தாய்கூடக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பாள். 1990 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில், விடுப்பில் இருக்கும்போதே, வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். படிவத்தில் பொய் சொன்னாராம்! நீரா மாத்தூர் வழக்கு என்று பெயர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையும் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது.

வழி அதோடு சீராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்றிருக்கும் பெண்கள் புதிதாக வேலையில் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று பாரத ஸ்டேட் வங்கி விதியை மாற்றியது 2021 டிசம்பரில்தான். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த மாதமே நிறுத்திவைத்தார்கள். பெண்கள் ‘ஒரு வருடம் போகட்டும்’ என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டால், இப்படிப்பட்ட விதிகளை எழுத வேண்டிய சிரமம்கூட நிறுவனங்களுக்கு இருக்காது.

அக்கா ஓய்வைப் பற்றியும் பேசினார். மருத்துவர் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எனக்கு மறுபேச்சே இல்லை. மற்றபடி, வீட்டிலிருக்கும் பிள்ளைத்தாய்ச்சி என்ன ஊஞ்சலிலா ஆடிக்கொண்டிருக்கிறாள்? மோட்டார் ஓடாத நாளில் கீழ்க்குழாயிலிருந்து இரண்டாம் மாடிக்குக் குடம் சுமப்பவள் யார்? விருந்தாளி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போகிறவள் யார்? அப்போதெல்லாம் வராத மயக்கம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் மட்டும் வந்துவிடுமா?

எதிரணியின் வாதத்தில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பல தனியார் நிறுவனங்களில் இந்த 26 வாரச் சம்பளத்தை முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்கிறார். அதனால்தான் நேர்காணலில், “கல்யாணமாகி எத்தனை நாளாயிற்று? வீட்டில் ஏதாவது விசேஷமா?” என்று சுற்றி வளைக்கிறார்கள். அந்தச் செலவில் அரசும் பங்கெடுக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அதற்காகப் பெண்ணை வீட்டில் உட்காரச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வேலை கிடைத்த பெண்களுக்கு ஒன்று. பணியில் அமர்த்தும்போதே, உங்களுக்குள்ள மகப்பேறு உரிமைகள் எல்லாவற்றையும் நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதே 2017 திருத்தம் சொன்னது. தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன்: அவள் இழக்கப்போகும் அந்த ஒன்றரை லட்சத்தை உங்கள் அணியில் யார் தரப்போகிறீர்கள்?