சந்தேகங்களுக்கு விளக்கம்: எல்லாம் மைகார்டில் வந்த பிறகு கட்சிக்காரர் எதற்கு?

வணக்கம். நலத்திட்டங்களையும் கட்சி அரசியலையும் பற்றி அரசியல் அறிவியலார் செய்துவரும் ஆய்வுகளைச் சென்ற காணொளியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய மாமியார் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், எழுபதைக் கடந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்தவர். அரசாங்கத்தின் ரொக்க உதவி அவருக்குக் கிடைக்கவில்லை. கைப்பேசியில் பார்த்தால் 'திடாக் லூலுஸ்' (ஏற்கப்படவில்லை) என்ற இரண்டே சொற்கள்தான் வருகின்றனவாம். சகோதரி கேட்பவை இரண்டு: ஆட்சி மாறும்போதெல்லாம் உதவித்தொகையின் பெயர் ஏன் மாறுகிறது? எல்லாம் மைகார்டு என்ற அடையாள அட்டைக்குள் வந்துவிட்ட பிறகு, இனிக் கட்சிக்காரர்களின் வாசலில் நிற்க வேண்டியதில்லை அல்லவா?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. 2012-இல் பிரதமர் நஜிப் ஆட்சியில், மாத வருமானம் 3,000 வெள்ளிக்குட்பட்ட குடும்பத்துக்கு 500 வெள்ளி என்று தொடங்கியது பிரிம் என்ற ரொக்க உதவி. 2018-இல் ஆட்சி மாறியதும் அது பந்துவான் சாரா ஹீடுப் ஆனது. முஹிதீன் காலத்தில் பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட்; இஸ்மாயில் சப்ரி காலத்தில் பந்துவான் கெலுவார்கா மலேசியா; 2023 முதல், அன்வார் ஆட்சியில், சும்பாங்கான் துனாய் ரஹ்மா. தொகையும் தகுதி வரம்பும் கூடியும் குறைந்தும் வந்தன என்றாலும், குறைந்த வருமானக் குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பது என்ற அடிப்படையை எந்த ஆட்சியும் கைவிடவில்லை. கைவிட முடியாத திட்டத்தில் ஓர் ஆட்சி தன் முத்திரையைப் பதிக்க எஞ்சியிருக்கும் இடம் பெயர் ஒன்றுதான். அதனால்தான் பிள்ளை ஒன்றாக இருக்க, ஐந்து முறை பெயர்சூட்டு விழா நடந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் நின்று பேச வேண்டியது. மைகார்டுக்கு முன்பு நம்மிடம் என்ன இருந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அரசாங்கம் என்பது நேரில் காணாத ஒன்று. லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் சொல்ல வேண்டும். தண்டல் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் சொல்வார். அதற்கு மேல் போக வேண்டுமானால் கட்சிக் கிளைத் தலைவரின் கடிதம் வேண்டும். என் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, உதவி நிதிக்காக அப்படியொரு கடிதத்துக்கு என் தாயார் நான்கு முறை நடந்தார். நான்காவது முறை கடிதம் கிடைத்தது. கூடவே, வரும் தேர்தலில் நம் வீட்டில் எத்தனை ஓட்டு என்ற கேள்வியும் கிடைத்தது. இவ்வாறு உதவியையும் ஓட்டையும் ஒரே கையால் அளக்கும் இடைத்தரகரைத்தான் அரசியல் அறிவியலார் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியாவில் இதை நீண்ட காலமாக ஆராய்ந்துவருபவர்களில் மெரடித் வைஸ் முக்கியமானவர். சட்டம் இயற்ற அனுப்பப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கால்வாய் அடைப்பையும் பள்ளிக் கட்டணத்தையும் பார்க்க வேண்டியவராக வாக்காளர் கண்ணுக்குத் தெரிவது இங்கே தற்செயலாக வந்த பழக்கமன்று.

நம் சுங்கை சிப்புட் தொகுதியே இதற்குச் சான்று. 1974 முதல் 2008 வரை ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த டத்தோஸ்ரீ சாமிவேலு இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 2008-இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் வென்றார். வென்றவர் எதிர்க்கட்சியாளர் என்பதால், தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு அவர் வழியாக வரவில்லை. அதை எதிர்த்து அவர் நீதிமன்றம் வரை போனார். வழக்கு வெற்றி பெறவில்லை. வரி கட்டுவதில் ஆளுங்கட்சித் தொகுதி, எதிர்க்கட்சித் தொகுதி என்ற வேறுபாடு கிடையாது. பணம் திரும்பி வரும்போது மட்டும் அந்த வேறுபாடு முளைத்துவிடுகிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், பணம் வங்கிக் கணக்குக்கோ மைகார்டுக்கோ நேரே வருவது பெரிய விடுதலை என்றே நான் கருதுகிறேன். 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும், அடிப்படைப் பொருள் வாங்க உதவும் சாரா திட்டத்தில் 100 வெள்ளி மைகார்டில் சேர்க்கப்பட்டபோது, நம் ஊர்ப் பாட்டிமார்கள் யாருடைய கடிதமும் இல்லாமல் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தார்கள். வரிசை நீளம், கருவி அடிக்கடி நின்றது என்ற குறைகளெல்லாம் இருந்தன. ஆனால் யாரும் யாரையும் வணங்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும், கொடுக்கும் கை மறைந்ததால் தீர்மானிக்கும் கையும் மறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. யாரைக் கணக்கில் சேர்ப்பது, எந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவரை ஏழை என்பது ஆகிய முடிவுகள் இப்போதும் அரசியல் முடிவுகளே. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, மாதம் 980 வெள்ளி என்ற வறுமைக் கோடு நம்பத்தக்கதன்று என்று சொன்னபோது அரசாங்கத்துக்குக் கசந்தது. மறு ஆண்டு ஜூலையில் அந்தக் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. 2016-இல் 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்ட வறுமை, புதிய கணக்கில் அதே ஆண்டுக்கு 7.6 விழுக்காடு ஆயிற்று. கணினி பழைய கோட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு துல்லியமாக வேலை செய்திருந்தாலும், அந்த ஏழு விழுக்காட்டினர் அதன் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். இதே ஆல்ஸ்டன்தான் 2019 அக்டோபரில், நலத்திட்டங்களைக் கணினிமயமாக்கும் அரசுகள் ஏழைகளைக் கண்காணிக்கவும் கழித்துக்கட்டவும் அதைப் பயன்படுத்தும் ஆபத்தைப் பற்றி ஐ.நா. பொதுச்சபைக்கு அறிக்கை அளித்தார்.

பாது என்ற அரசாங்க முதன்மைத் தரவுத்தளத்தின் கதை இன்னும் சுவையானது. 2024 ஜனவரி 2-இல் அதைத் தொடங்கினார்கள். மார்ச் 31-க்குள் எல்லோரும் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். குடும்பத்தின் உண்மையான வரவுசெலவு நிலையை அறிந்து, வேண்டியவருக்கு மட்டும் மானியம் தருவது நோக்கம். தொடங்கிய உடனேயே, பிறருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அவர் பெயரில் பதிய முடியும் என்ற ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர் முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங். அவரும் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்தாம். அதே ஆண்டு ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. பாமர மக்கள் அடுத்தது பெட்ரோல் என்று அஞ்சினார்கள். ஆனால் 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் எல்லோருக்கும் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவித்தார்கள். ஏழை, நடுத்தரம், பணக்காரர் என்று பிரிக்கப்போவதாகச் சொல்லிப் பெரிய தரவுத்தளம் கட்டிய அரசு, கடைசியில் குடியுரிமையையும் உரிமத்தையும் மட்டும் பார்த்தது ஏன்? பிரிக்கும் கணக்கு எங்கேனும் தவறினால், தவறாக விலக்கப்பட்டவர் எல்லோரும் ஓட்டுப் பெட்டியில் பதில் சொல்வார்கள் என்ற அச்சமே காரணம் என்பது என் கணிப்பு. நகர்ப்புற நடுத்தர வர்க்கம் சத்தம் போடத் தெரிந்த வர்க்கம். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, மலிவு வீட்டில் முடங்கியிருக்கும் மூதாட்டி விலக்கப்பட்டால் அந்தச் சத்தம் எழுவதில்லை.

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லலாம். ரேஷன் கடையில் ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியதன் விளைவை முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற மூன்று பொருளியலார் அளந்தார்கள். முன்கூட்டியே அட்டையை ஆதாருடன் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாகப் பத்து விழுக்காடு குறைந்தது, அவற்றில் 2.8 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு எதுவுமே கிடைக்காமல் போயிற்று. போலிகளைப் பிடிக்க வீசிய வலையில் காகிதம் சரியில்லாத ஏழைகளும் அகப்பட்டார்கள்.

காகிதம் சரியில்லாதவர் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, இன்றும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) இருக்கும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. இவர்களுக்காக 2011-இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. குடிமகனுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட எந்தத் திட்டமும், அது எவ்வளவு நவீனமாக இருந்தாலும், இவர்கள் வாசலுக்கு வராது.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: கட்சிக்காரர் போய்விடவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார். முன்பு கடிதம் எழுதிக் கொடுத்தவர், இப்போது சேவை மையத்தில் கணினி முன் அமர்ந்து உங்களுக்காகப் படிவம் நிரப்புகிறார், மேல்முறையீடு எழுதுகிறார். அந்த உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இழிவில்லை. ஆனால் உங்கள் கடவுச்சொல்லை மட்டும் அவர் கையில் விட்டுவிடாதீர்கள். 'திடாக் லூலுஸ்' என்று சொல்லும் இயந்திரம் காரணத்தையும் நமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், மறுத்துப் பேசப் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்சியின் உறுப்பினரிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் ஊகிப்பது இது. குடும்ப விண்ணப்பம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்திருக்கும், மாமியார் அதில் துணைவியாக மட்டும் பதிவாகியிருப்பார். கணவர் காலமான செய்தி பதிவிலாகாவுக்குப் போயிருந்தாலும், உதவித்தொகைப் பதிவில் மாமியார் இன்னும் மணமானவராகவே இருக்கக்கூடும். 60 வயதைக் கடந்து துணையின்றி வாழ்பவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குள் அவரைக் கொண்டுவர வேண்டும். அவருடைய மைகார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முகப்புக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஈப்போ போய்வர அரைநாள் ஆகும் என்பதால், காலைப் பசியாறை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இறப்புச் சான்றிதழுக்கு இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் நகல் கடையைத் தேடினால் எண் தவறிவிடும்.